பதினோராவது படத்துக்குக் கீழே

சேசு மரி சூசை

கீழ்வேளூர்
18-1-2026

அன்பு மகன் ஜெரால்டுக்கு அம்மா ஆரோக்கியமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை எல்சியும் நல்லபடி இருக்கிறோம், நீயும் பிரின்ஸியும் பேரன் லியோவும் அங்கே பனியில் சளி இருமல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினம் ஜெபமாலை சொல்கிறேன். சம்பா அறுப்பு பாதி ஆச்சு, கீழ வயலில் தண்ணீர் வடியாமல் மெஷின் இறங்கவில்லை, அது கிடக்கட்டும். உங்கள் அமெரிக்க ஃபுட்பால் டீமின் ஹெட் கோச்சைத் துரத்திவிட்டார்கள் என்று எல்சி போனில் பார்த்துச் சொன்னதும் உலையை இறக்கிவைத்துவிட்டுப் பாயசம் வைத்தேன். பக்கத்து வீட்டு பர்வின் என்ன விசேஷம்மா என்று கேட்டாள், அமெரிக்காவில் ஒருத்தனுக்கு வேலை போச்சு, இந்தா பாயசம் குடி என்றேன்.

நீ அனுப்பிய லிஸ்டைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தேன். அறுபது வருஷத்தில் பதினோரு ஹெட் கோச், நம் கோயிலில் பங்குச்சாமியார்கள் படம் இருக்கிற மாதிரி ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி நீதான் எழுதவேண்டுமாம். ஆட்டத்து வீடியோவை வெட்டிக் கொடுக்கிற என் பிள்ளை கையில் அந்த வேலை வந்து விழுந்ததே, அதுதான் கடவுள் செயல். சொந்த மைதானம்கூட இல்லாமல் டீமை ஆரம்பித்த முதல் ஆளுக்கு நல்லதாக எழுது. ஒன்பது வருஷம் இருந்து கோப்பை வாங்கித் தந்த நாலாவது ஆளுக்கு இரண்டு வரி பத்தாது, நாலாகப் போடு. பாதியில் வேறு டீமுக்கு ஓடின ஏழாவது ஆளை ஓடினவர் என்றே எழுது. ஆனால் இப்போது துரத்தின பதினோராவது ஆளுக்குப் பண்பாளர், உழைப்பாளி என்று எழுதப்போகிறேன் என்றாயே, எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா போன அக்டோபரில் வியாழக்கிழமை கண்ணை மூடினார், நீ வருவாய் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடித்துப் போ, செத்தவர் எங்கேயும் போய்விடமாட்டார் என்று உன்னை நிறுத்தினவன் அவன். சனிக்கிழமை அடக்கம் பண்ணினோம், எல்சி பிடித்த செல்லில் நீ அழுததை ஊரே பார்த்தது. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள், உன் மூன்று பிடியை நான் தனியாக அள்ளி டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். விட்டுத்தள்ளும்மா, மன்னிக்கணும்னு சாமியார் சொல்றாருல்ல என்கிறாள் எல்சி. மன்னிக்கிறது சாமியார் வேலை, அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீ பொய் ஒன்றும் எழுதவேண்டாம். வந்தார், பதினேழு ஆட்டத்தில் பதினாலு தோற்றார், போனார் என்று எழுது. அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாள் ஆட்டத்தில் முப்பத்தெட்டுக்கு மூன்று என்று தோற்றதையும் எழுது. அந்த மூன்றை விட்டுவிடாதே.

ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது, பிப்ரவரியில் வருகிறேன் என்றாயாம். வராதே. ஆட்டம் இல்லாத மாசத்தில் எவனும் லீவு கொடுப்பான். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்கு வா. இந்த வருஷம் அது திங்கட்கிழமை, முந்தின நாள் உங்களுக்கு ஆட்டம் இருக்கும், இருக்கட்டும். அப்பா மேல் உன் மண் அன்றைக்குத்தான் விழவேண்டும். புதுசாக வரும் கோச்சிடம் முதல் நாளே கேட்டுவிடு.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிரில் அலையாதே. லியோவுக்கு நான் நெற்றியில் சிலுவை போட்டதாகச் சொல். தேவதாய் உங்கள் மூன்று பேரையும் காப்பாளாக. உன் லிஸ்டை என் நோட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், பன்னிரண்டு என்று நம்பர் போட்டு இடம் விட்டிருக்கிறேன். லீவு கேட்டதற்கு அந்த ஆள் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
சகாயநாதன் மனைவி, உன் அம்மா
ஆரோக்கியமேரி