எதிரணி அட்மிரல்

நேற்று உன் மகள் கொண்டுவந்து தந்த விளாம்பழ ஜேம் போத்தலை இன்று காலை திறந்தேன் மச்சான். வாசம் வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. பிளேன்டீயில் ஒரு கரண்டி ஜேம் போட்டுக் கலக்கிக் குடிக்கும் ஒரே ஆள் சாய்ந்தமருதில் நீதான். ரஷ்யாவில் இஞ்சினியரிங் படித்தபோது தொற்றிய பழக்கம்.

என் சஞ்சிகைக்கு ஒரு ரஷ்யக் கடற்படைத் தளபதியின் கதையைத் தொடராக எழுதினாய். கடலே இல்லாத ஊரில் பிறந்து, பதினேழு வயதில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டு, நீர்மூழ்கியில் சின்ன அதிகாரியாகத் தொடங்கி, கடைசியில் ஒரு கப்பற்படைக்கே தலைவரானவர். "அந்த மனிசன் காட்டுக்குள்ள இருந்து கடலுக்குப் போனார். நான் கடற்கரையில பொறந்து சாகாமக் குளத்துக்கு வந்திரிக்கன்" என்று, சாகாமம் ஊர்க் குளத்தில் இஞ்சினியராக வேலை பார்த்த நீ சிரிப்பாய்.

மூன்றாம் பகுதியில் அவர் 'கொன்ட்ர் அட்மிரல் ஆனார்' என்று எழுதியிருந்தாய். அட்மிரல் வரிசையில் அதுதான் முதல் படி என்பது எனக்குத் தெரியாது. கொன்ட்ரா என்றால் எதிர்தானே என்று, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'எதிரணி அட்மிரல் ஆனார்' எனத் திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு.

இதழ் வெளிவந்த அன்று, அஸர் தொழுதுவிட்டு வந்தவர்கள் பள்ளிவாசலடியில் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன, உங்கட ஆள் மற்றப் பக்கம் பாஞ்சிட்டாராமே! ரஷ்யன் படிச்ச லெட்சணம் இதானா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"ஓம், என்ட பிழதான்" என்றாய் நீ.

திரும்பி வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உன்ட தமிழ நம்பாட்டி சஞ்சிகைய ஆரு வாங்குவாங்க? என்ட ரஷ்யன நம்பாட்டி ஊருக்கு என்ன நட்டம்?" என்றாய். அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன் என்றேன். போடவில்லை. நீயும் அதைப் பற்றி மறுபடி கதைக்கவில்லை.

உன் தொடரைப் புத்தகமாக்கப் போகிறாள் உன் மகள். முன்னுரை கேட்கத்தான் நேற்று வந்தாள். 'எதிரணி அட்மிரல்' இருந்த பக்கத்தை விரித்து வைத்து, "சாச்சா, வாப்பாக்கு ரஷ்யன் சரியா வராதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வெட்கத்தில் குறுகிப்போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவள் அந்த இதழை மூடினாள்.

"வாப்பா மௌத்தாகிறதுக்கு முதல் நானும் கேட்டன் சாச்சா. தன்ட பிழ எண்டுதான் சொன்னார்."

மகளிடமும் என் பழியை ஏற்றுக்கொண்டதைச் சாகும்வரை என்னிடம்கூடச் சொல்லவில்லையே நீ. உன்னைப் போல ஒரு சிநேகிதனுக்கு நான் தகுதியானவனா என்று இரவெல்லாம் யோசித்தேன். முன்னுரையின் முதல் வரியில் என் பிழையைத்தான் எழுதியிருக்கிறேன். நீ இருந்திருந்தால், அந்த வரியை வெட்டச் சொல்லி என்னோடு சண்டை பிடித்திருப்பாய்.