வெள்ளி ட்றம்மின் பத்துக் காதுகள்

ஊர்காவற்றுறை
12.01.2003

அன்புள்ள மரியநாயகம் அண்ணைக்கு,

பாரிசுக் குளிரில் உங்கள் மூக்கு இன்னும் கழன்று விழவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 84இல் விட்டுப்போன சிவப்பு ட்றம் செற் பத்திரமோ என்று மூன்று கடிதமாகக் கேட்கிறீர்கள். பத்திரம்தான். பெரிய ட்றம்மின் முன்தோல் கிழிந்துபோனதால் எங்கள் புள்ளிக்கோழி அதற்குள் குடியிருக்கிறது. கால் வைத்த ட்றம்மில் அரிசி. மற்ற இரண்டும் அலுமாரிக்கு மேலே. ஐந்தாவது, அடியில் கம்பி கட்டின சின்ன ட்றம், அதுதான் சங்கதி. இடம்பெயர்ந்து 96இல் திரும்பி வந்தபோது வீட்டில் ட்றம்முகளைத் தவிர ஒரு இரும்புத் துண்டும் இல்லை. இவர், உங்கள் மச்சான் சவிரிமுத்து, அதன் வளையத்தை நண்டு வலைக்கு வாயாகக் கட்டினார். தோலை இழுத்துப் பிடிக்கிற இரும்புக் காதுகளைப் பாரத்துக்குத் தொங்கவிட்டார். வலை கடலோடு போய்விட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "இது என்னட்டைச் சொல்லுறதில்லைப் பிள்ளை, கொண்ணைக்குச் சொல்லு" என்றார் சாமியார். சொல்லிவிட்டேன்.

கலியாணத்துக்கு இவர் கொண்டுவந்த வெள்ளி ட்றம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது. போன திருநாள் பூசைக் கசற் கிடைத்ததோ?

தங்கச்சி
ஜசிந்தா


பாரிஸ்
09.02.2003

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் கண்டு சாப்பிடுவதில்லை என்று இருந்தேன். வேலை சாப்பாட்டுக் கடையில் என்றபடியால் மத்தியானத்துக்கு மேல் தாங்கவில்லை.

ஜூனில் அந்தோனியார் திருநாளுக்கு வருகிறேன். ஐந்து ட்றம்மையும் இங்கே கொண்டுவந்து வீட்டில் வைக்கப் போகிறேன். பத்தொன்பது வருடம் ஆரோ தின்ற கோப்பை கழுவினேன். எனக்கென்று ஒரு பொருளாவது குறையில்லாமல், ஒரே நிறத்தில், முழுசாக நிற்கட்டும். சிவப்புச் சின்ன ட்றம்மின் உடம்பு இருந்தால் போதும். உன் வெள்ளியும் அதே கொம்பனி. அதன் வளையமும் பத்துக் காதும் இதற்கு அச்சாகப் பொருந்தும். அந்தக் காலத்துச் சாமான், நான் இங்கே தேடாத இடமில்லை. உன்னுடையது சும்மாதானே கிடக்கிறது?

கசற் கிடைத்தது. ஆர் அந்த ட்றம் அடிக்கிறவன்? குளோரியாவில் ஒரு உருட்டு உருட்டுகிறான், என் மகள் கிறேஸ் அதையே திருப்பித் திருப்பிப் போடுகிறாள். வந்தவுடன் அவனை எனக்குக் காட்டு.

அண்ணன்
மரியநாயகம்


ஊர்காவற்றுறை
09.03.2003

அன்புள்ள அண்ணைக்கு,

அந்த ஆளைக் கேட்டீர்கள். நல்ல ஆள்தான், கொஞ்சம் குண்டு. விடிய மீன் கழுவி, கோழிக்குத் தவிடு வைத்துவிட்டுத்தான் கோயிலுக்கு வரும். கசற்றில் கேட்டது என் வெள்ளி ட்றம். அதைக் கழற்றினால் அந்த ஆளுக்கு அடிக்க வேறொன்றும் இல்லை.

அதோடு இப்போது தவக்காலம். கோயிலில் ட்றம் அடிப்பதில்லை. நோன்பில் கிடக்கிறதை எப்படிக் கழற்றுவது? இவர் காது கழற்றுகிற சாவியை ஒரு கிழமையாகத் தேடுகிறார். அது எங்கே என்று எனக்குத் தெரியும். அவர் என்னைக் கேட்கவில்லை.

"கொண்ணைக்குச் செற் வேணுமெண்டா முதல்ல வந்து கோழியிட்டைக் கேக்கட்டும்" என்கிறார்.

ஜசிந்தா


பாரிஸ்
30.03.2003

தங்கச்சி,

பகிடி விட்டு வழுக்கப் பார்க்கிறாய். சின்னதிலும் இதே விளையாட்டுத்தான்.

அந்த ஆளுக்குப் புது ட்றம் நான் வாங்கித் தருகிறேன், சொல்லு. ஊரானுக்கு இரங்கி அண்ணனுக்கு இல்லையென்பாயோ? அல்போன்சம்மாவின் மகள் ஞானசவுந்தரி உயிர்த்த ஞாயிறு கழிய இங்கே வருகிறா. காதுகளை அவவிடம் குடுத்துவிடு. மினுக்கி ஜூனில் கொண்டுவருகிறேன். இவ்வளவு காலத்தில் உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

மரியநாயகம்


ஊர்காவற்றுறை
22.04.2003

அன்புள்ள அண்ணைக்கு,

கழற்றிவிட்டோம். பெரிய வியாழனுக்கு முதல் நாள், சாவியை நானே எடுத்துக் குடுத்தேன். ஒன்பது காது சுகமாக வந்தது. பத்தாவது துருவேறி நின்றது. இவர் சுத்தியலால் தட்ட, இரண்டாக வெடித்தது. "பத்துக் கட்டளையில ஒண்டு போச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததைக் கண்டு பயந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை. குளோரியாவுக்கு மணி அடித்தது, பாட்டு எழும்பியது, ட்றம் இல்லை. என் இரண்டு கையும் நான் இருந்த வாங்கின் விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த யோகம்மா அக்கா கையைப் பிடித்தா. "காணும் பிள்ளை, வாங்கு உடையப்போகுது."

அந்த ஆள் நான்தான் அண்ணை. நீங்கள் கடலுக்குப் போன நேரமெல்லாம் உங்கள் சிவப்பில் பழகினனான். ஒரு நாள் பிடித்து உச்சந்தலையில் குட்டினீர்கள். "பொம்பிளைப் பிள்ளை தொடுற சாமானோ இது?" அதைக் கேள்விப்பட்டுத்தான் இவர் கலியாணத்துக்குச் சீலைக்குப் பதில் வெள்ளி ட்றம்மோடு வந்தவர். நீங்கள் அதை மாப்பிள்ளையின் பகிடி என்று நினைத்தீர்கள். இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு அதைத் தூக்கினனான். எனக்குப் புது ட்றம் வேண்டாம்.

ஒன்பது காதும் பால்மாப் பேணிக்குள் இருக்கின்றன. ஞானசவுந்தரி போய்விட்டா. அவவிடம் குடுக்க மறந்துபோனேன் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை. ஜூனில் நீங்கள் வந்து கேட்டால் தருவேன். கேட்காவிட்டால் நல்லது.

ஜசிந்தா


பாரிஸ்
14.05.2003

ஜசிந்தா,

கடிதத்தைக் கிறேஸுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பா, மாமிக்குக் குட்டினனீங்களோ?" என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை என்று அவளுக்குச் சொன்னேன். நினைவிருக்கிறது.

அலுமாரிக்கு மேலே இருக்கிற சிவப்பு ஒன்றில் இருந்து ஒரு காதைக் கழற்றி உன் வெள்ளிக்குப் பூட்டு. இன்னொன்று உடைந்தால் இன்னொன்றைக் கழற்று. சிவப்பு எல்லாம் தீர்ந்தாலும் பறவாயில்லை. ஐந்தாவது இடத்தில் வெள்ளியே நிற்கட்டும், செற்றும் அங்கேயே நிற்கட்டும். இங்கே வந்தால் அதில் கிறேஸ் உடுப்புத்தான் காயப்போடுவாள்.

முதலாளி லீவு தரவில்லை, ஜூனில் வர ஏலாது. திருநாளுக்கு முழுச் செற்றையும் நீ அடி. கசற் அனுப்பு. மார்கழியில் வருவேன். தலையைக் குனிந்து நிற்கிறேன், அந்தக் குட்டைத் திருப்பித் தா.

அண்ணை


ஊர்காவற்றுறை
15.06.2003

என் அன்பு அண்ணைக்கு,

குட்டு கைவசம் இருக்கிறது. வட்டி போடவில்லை.

சிவப்பின் காது வெள்ளிக்கு அச்சாகப் பொருந்தியது. அரிசியைப் பானைக்கு மாற்றி, செற் முழுவதையும் கழுவித் துடைத்தோம். நாலு சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளி. "சம்மாட்டியார் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த ஏழைச் சொந்தம் மாதிரி நிக்குது" என்றார் இவர். நான் வெள்ளியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். செற்றின் நடுவில் நின்ற என்னைச் சொல்லியிருக்கிறார்.

திருநாளன்று விடியவே தூக்கிப்போனோம். வழியில் நேவிக்காரன் ஒவ்வொரு ட்றம்மாகத் தூக்கி உள்ளே பார்த்தான். பெரியது பாரம் என்று அதை விட்டுவிட்டான். சத்தம் பதமாக வரட்டும் என்று அதற்குள் கோழிக்குப் போட்டிருந்த சாக்குத் துண்டை நாங்களும் எடுக்கவில்லை.

குளோரியா தொடங்க, உருட்டி முடித்துப் பெரிய ட்றம்மை ஒரு மிதி மிதித்தேன். புள்ளிக்கோழி வெளியே வந்தது. பீடத்துப் படியேறி, சாமியாரின் கதிரையில் இருந்தது. சாமியார் பூசை முடியும்வரை நின்றார். ட்றம்முக்குள் ஒரு முட்டை இருந்தது. அதைக் காணிக்கைத் தட்டில் வைத்தோம்.

இப்படிக்கு,
அந்த ஆள்