ரேணுகாவுக்கு, உப்புத்தாள் மிஷின் விஷயமாக

புதூர்நாடு,
9.3.2025, ஞாயிறு.

அன்புள்ள ரேணுகாவுக்கு,

ஈஸ்வரி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். செங்கத்தில் நீயும் உன் மகளும் உன் அம்மா சாந்தம்மாளும் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் மேலேயும் படித்துவிடு. ஒன்பது வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதை இதில் எழுதத்தான் போகிறேன். போன் நம்பர் கேட்டால் உன் தம்பி சந்திரன் கையெடுத்துக் கும்பிடுகிறான். "அக்கா, உங்க பேர எடுத்தாலே எங்கக்கா எழுந்து உள்ள போய்டுது. என்னிய மாட்டி வுடாதீங்க" என்கிறான். புளி ஏற்ற ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவன்தானே மலைக்கு வருகிறான், அதனால் கடிதமாகவே அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் மிஷின் விஷயம். சிரிக்காதே. எனக்கு உப்புத்தாள் மிஷின் ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டிக்கொண்டிருந்த கொட்டகைக்கு சிமென்ட் தரை போட்டுப் பட்டறை ஆக்கியிருக்கிறேன். காற்றில் விழுந்த எங்கள் பலாமரத்தில் நடைவண்டி செய்கிறேன். வேப்பமரத்தில் கிலுகிலுப்பையும், பல் முளைக்கிற குழந்தை கடிக்க வளையமும் செய்கிறேன். திருவண்ணாமலையில் இரண்டு கடைக்காரர்கள் செய்யச் செய்ய எடுத்துக்கொள்கிறார்கள். அறுக்கிற மிஷின் இருக்கிறது. இழைத்து வழுவழுப்பாக்குவதுதான் கையால் நடக்கிறது. வளையத்தின் உள்பக்கத்துக்கு பிவிசி குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி வைத்துத் தேய்க்கிறேன். ஒரு வளையத்துக்கு அரை மணி நேரம். என் கட்டை விரலைப் பார்த்தால் அழுவாய். இல்லை, நீ அழ மாட்டாய், திட்டுவாய்.

நாம் வேலை பார்த்த ஓசூர் மரப்பொம்மைக் கம்பெனியில் நமக்கு பெல்ட் தனி, உருளை தனி என்று இரண்டு மிஷின் இருந்தது இல்லையா? இப்போது இரண்டும் ஒரே மிஷினில் வருகிறது ரேணு. வெளிவளைவுக்கும் தட்டைக்கும் பெல்ட். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உருளையை மாட்டினால் உள்வளைவுக்கு ஆயிற்று. சுற்றும்போதே உருளை மேலும் கீழும் ஆடுகிறது. அதனால் தாள் ஒரே இடத்தில் தேயாது, மரமும் கருகாது. நம் பழைய உருளை ஆடாமல் நின்ற இடத்திலேயே சுற்றி, வளையத்துக்கெல்லாம் கறுப்புக் கோடு போட்டதே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

திருப்பத்தூருக்கு என் வீட்டுக்காரர் விஜயராஜின் ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். கடைக்காரர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எனுக்கு ஜீப்பத் தவிர ஒன்னும் தெரியாது. மிஷினு அவங்களுக்கு. அவங்க மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க" என்றார். கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் முழுசாக சந்தோஷப்பட்டேன். மிஷினை ஓடவிடச் சொல்லி, எனக்குக் கொடுத்த டீ கிளாஸை அதன் மேசை மேல் வைத்தேன். கடைக்காரர் பதறிவிட்டார். நீ செய்வதைத்தான் செய்தேன். அதிர்வு எவ்வளவு என்று டீ சொல்லிவிடும்.

அங்கே இரண்டு மாதிரி இருந்தது. ஒன்று அலுமினிய மேசை. இலேசானது, தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் டீ தளும்பிச் சிந்திவிட்டது. இன்னொன்றுக்கு வார்ப்பிரும்பு மேசை. டீயில் மெல்லிசாக ஒரு வளையம் மட்டும் எழுந்தது, அவ்வளவுதான். ஆனால் கனம். ஒரு முறை வைத்தால் வைத்ததுதான், அதற்கென்று கீழே திண்டு கட்டி போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சாயங்காலம் இங்கே கரண்ட் இறங்கிவிடும், கனமான மிஷினுக்கு அது தாங்குமா என்று என் வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். தூள் உறிஞ்சும் குழாய் இரண்டிலும் உண்டு. இந்த மாதிரி மிஷினுக்கான பெல்ட் செங்கம் ஹார்டுவேர் கடையில் கிடைக்குமா என்று மட்டும் நீ விசாரித்துச் சொன்னால் நல்லது.

தூள் என்றதும் கம்பெனி ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாம் ஒன்பது பேரும் தலைக்குக் குளித்தால் குளியலறை வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். வார்டன் செல்லியம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்று, "இன்னாடி, தலையில மரத்தயே வச்சிகினு வந்தீங்களா?" என்று கத்துவார். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சாமையை அவரிடம் கெஞ்சிக் கேட்டு நீதான் பொங்க வைப்பாய். மலைக்காரி, மலைக்காரி என்று கேலி செய்துகொண்டே என் பங்கையும் சேர்த்துத் தின்பாய். அந்த ஆறு வருஷத்தில் நான் எதற்குப் பயந்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நீ பக்கத்து மிஷினில் இருந்தாய், அவ்வளவுதான் காரணம். பிறகு கல்யாணம், குழந்தை, சொந்த வீடு எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த நாட்கள்போல வயிறு வலிக்கச் சிரித்த நாள் எனக்கு இன்னும் வரவில்லை.

உனக்கு இருந்த காது எனக்கு இல்லை. மிஷின் மூச்சு வாங்குது, அழுத்தாதே என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வாய். சாமான் வெளியே போகுமுன் கடைசிப் பார்வையும் உன்னுடையது. நம் விரல் எல்லாம் காய்த்துப் போயிருக்கிறது, குழந்தை வாயில் வைக்கிற சாமானை விரலால் பார்த்தால் தெரியாது, உதட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவுக்கே பழக்கிவிட்டவள் நீ. புதிதாக வந்த பெண்கள் வெட்கப்படுவார்கள். "கொயந்த வெக்கப்படாம வாயில வச்சிக்குது, உனுக்கு இன்னா?" என்பாய். உன் உதட்டில் பட்டு வந்த பிறகுதான் பார்த்தாயிற்று என்று உன் நம்பர் போட்ட சீட்டு பைக்குள் போகும்.

நாம் சேர்ந்திருந்த கடைசி வருஷம், போகிக்கு முந்தின நாள் அது. ஊர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். உருளையில் தேய்ந்த தாளை மாற்றும்போது நைசுத் தாளுக்குப் பதில் சொரசொரப்புத் தாளை மாட்டிவிட்டேன். பாதி ஓடிய பிறகு தெரிந்தது. மாற்றி மறுபடி ஓட்டினால் பஸ் போய்விடும். நீ ஊருக்குப் போகிற துணியை மடித்துக்கொண்டே, "உதட்டுல வச்சியா?" என்று கேட்டாய். வச்சேன் என்றேன். நான் வைக்கவில்லை ரேணு. ஒன்றைக்கூட வைக்கவில்லை. நான் சொன்னதை நம்பி உன் சீட்டைப் போட்டாய். ஆறு வருஷத்தில் நீ பார்க்காமல் போட்டது அந்த ஒரு தடவைதான்.

பொங்கல் முடிந்து போனால் முந்நூறு வளையமும் திரும்பி வந்து கிடந்தது. மேனேஜர் யார் பார்த்தது என்று கேட்டார். நீ என்னை ஒரு முறை பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். நான்தான் பார்த்தேன் என்று நீ சொல்லிவிட்டாய். அன்று மத்தியானமே உன்னை அனுப்பிவிட்டார்கள். நீ பெட்டியைக் கட்டும்போது உதவிக்குக்கூட நான் மாடிக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்புறம் இரண்டு வருஷம் உன் இடத்தில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க இனி ஒன்றும் இல்லை.

போன வாரம் ஜமுனாமரத்தூர் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். சந்திரனோடு வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி, நல்லா இருக்கியா என்று கேட்டார்கள். பிறகு, "எங்க பொண்ணுதான் அசட்டையா வேல பாத்து வந்துட்டுச்சு, நீயாச்சும் பொயச்சிகினியே" என்றார்கள். ஒன்பது வருஷமாக நீ வீட்டில்கூட சொல்லவில்லை! பெற்ற தாய் உன்னை அசட்டை என்று நினைத்துக்கொண்டிருக்க விட்டிருக்கிறாய். சந்தை நடுவிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அம்மா வாங்கிய பலாக்கொட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், "என்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? அவகிட்ட சொல்லு போ" என்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அவர்களே உன்னிடம் சொல்லிவிட்டார்களா தெரியாது. சொல்லியிருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. என்னை மன்னித்துவிடு ரேணு. மன்னிக்க முடியாவிட்டால் வந்து நேரில் திட்டிவிட்டுப் போ, வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். இங்கே செய்கிற வளையத்தை எல்லாம் உதட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் எனக்கு என் உதட்டின் மேல் நம்பிக்கை இல்லை. வழுவழுவென்றுதான் இருக்கும், இருந்தாலும் மறுபடி தேய்ப்பேன். இரண்டு தடவை, மூன்று தடவை. வளையம் மெலிந்து போய் உடைத்து அடுப்பில் போட்டதும் உண்டு. மிஷின் வந்தால் வேகம் வரும், அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? நீ பார்த்துச் சரி என்று சொன்னால் எனக்குத் தூக்கம் வரும்.

நீ துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாய், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சந்திரன் சொன்னான். இங்கே பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், நடுவில் கொஞ்ச நேரம்தான் மிஷின். கொட்டகையை ஒட்டி ஓர் அறை சும்மா கிடக்கிறது. உன் மகளுக்கு இங்கே ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜீப் தினமும் போகிறது. இதையெல்லாம் நான் உன்னிடம் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வார்ப்பிரும்பு மேசை போட்டதையே வாங்குவது என்று மனதில் முடிவு செய்துவிட்டேன். வருகிற புதன்கிழமை அதற்குத் திண்டு கட்ட கொத்தனார் பூவரசன் வருகிறார். மிஷின் மேசை முழங்கை உயரத்தில் இருந்தால்தான் தோள் வலிக்காது, யாருடைய முழங்கை, எத்தனை அங்குலம் என்று கேட்டார். கட்டிவிட்டால் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாதாம். என் முழங்கைக்குக் கட்டினால் என்னைவிட உயரமான நீ மிஷினில் நிற்கிறபோதெல்லாம் குனிய வேண்டியிருக்கும். உன் உயரத்துக்குக் கட்டினால் நான் ஒரு பலகை போட்டு ஏறி நின்றுகொள்வேன், எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அளவு செவ்வாய்க்கிழமை சொல்கிறேன் என்று பூவரசனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் மகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும். உன் கால் வலி சீக்கிரம் தீர வேண்டும். நீ பதில் கடிதம் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் எத்தனை அங்குலம் என்று உன் மகளை அளக்கச் சொல்லி, அந்த ஓர் எண்ணை மட்டும் சந்திரனிடம் சொல்லி அனுப்பு.

உன் பழைய பக்கத்து மிஷின்,
ஈஸ்வரி.