மதினி போர்த்திய துணி

ஜூன் 10, செவ்வாய்

கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், ஓயாமல் கணக்குப் போட்டு டிஜிட்டல் காசு சேர்க்கும் கிரிப்டோ மைனிங்குக்காக நான் ஓடவிட்டிருந்த சின்ன கம்ப்யூட்டர் போர்டு சூடேறி நின்றுபோயிருந்தது. தூசி படக்கூடாதென்று மதினி அதன்மேல் குரோஷா துணியைப் போர்த்தியிருந்தாள். தொட்டதும் விரல் சுட்டது.

அந்தப் போர்டை வாங்கியதே, மைனிங்கில் எவ்வளவு தேறும் என்று மதினிக்குக் காட்டத்தான். மைனிங் கம்பெனி நடத்துவதாகச் சொல்லும் ஒருவரிடம் பணம் போட, வியாழக்கிழமை தன் தாலிச்சங்கிலியை விற்கப் போகிறாள். அண்ணன் கப்பலில் இருக்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது.

மூன்று வாரம் ஓடியும் ஒரு டீக்குக்கூடத் தேறவில்லை என்று காட்டினேன். மதினி சிரித்தாள்.

"ஏளா, ஒன் பெட்டி உள்ளங்கை அளவுதான். அவரு நாப்பது பெரிய மிஷின்லா வச்சிருக்காரு!"

அவள் கையைப் பிடித்து போர்டின்மேல் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கே இந்தச் சூடு. நாப்பது மிஷினும் எங்கன இருக்கு மதினி?"

"ஆபீஸுக்கு அடுத்த ரூம்ல. பூட்டித்தான் வச்சிருப்பாரு. நான் அந்தக் கதவுல சாஞ்சுதான் ஒக்காந்திருந்தேன். சில்லுன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். சங்கிலியை விற்க மாட்டேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். மதினியையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போவேன். அறையைத் திறந்து காட்டச் சொல்வேன். சாவி இல்லை, ஆள் இல்லை என்று என்ன சொன்னாலும் சரி, அந்தக் கதவு திறக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.