பித்தாயா பூவும் உன் மாமாவின் டயர்களும்

எல் ரெகோதோ, ஹலிஸ்கோ
ஏப்ரல் 20

அன்புள்ள பிரீகிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் மூச்சிரைப்பும் தவறாமல் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. சிகாகோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

உன் மாமா கிரெசென்சியோவின் பசுவை வௌவால் கடித்துவிட்டது. அதற்குத் தண்டனையாக மலைக்குகையில் டயர் கொளுத்தி அங்குள்ள எல்லாவற்றையும் தீர்த்துவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் அவர் முடிவெடுக்க, மற்றவர்கள் கை தூக்கினார்கள். இரத்தம் குடிப்பது வேறு இனம், குகையில் இருப்பவை நம் பித்தாயா கள்ளி பூக்கும் காலத்தில் தேனுக்கு வந்து, பழமும் தின்றுவிட்டு, அடுத்த பூவைத் தேடி வடக்கே போகிறவை, அவை வராவிட்டால் காய் பிடிக்காது, விற்கப் பழமில்லாமல் நம் அடுப்பும் எரியாது என்று சொன்னேன். முதல் வரிசைக்காவது கேட்டிருக்கும். செத்துக்கிடந்த ஒன்றைக் காட்டினேன், முகமெல்லாம் மகரந்தம். மாமா உற்றுப் பார்த்து, “பவுடர் போட்டுக்கிட்டு என் பசுவைப் பொண்ணு பார்க்க வந்திருக்கு வாத்தியாரே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். மார்ச்சில் அவர் தோப்பிலேயே ஒரு கள்ளியின் பூக்களைப் பொழுது சாய்ந்ததும் கொசுவலையால் மூடி, விடிந்ததும் தேனீக்களுக்குத் திறந்துவிட்டேன். பக்கத்துக் கள்ளிகளெல்லாம் காய், அதில் பேருக்குச் சில. அதையும் சொன்னேன். “அப்ப வௌவால்தான்னு நிச்சயமா?” என்று கேட்டார். ஒரே கள்ளியை வைத்துச் சொல்ல முடியாது, வலையே பூவைக் கெடுத்திருக்கலாம் என்றேன். என்னைப் போன்ற வக்கீல் கிடைக்க வௌவால்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து அவர் கழுதையில் டயர் ஏற்றி வந்தபோது, குகை வாசலில் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால் மூச்சிரைப்பது தெரியாது என்பதே என் வீரம். “எந்திரிங்க மச்சான், உங்க மூச்சுக்குப் புகை ஆகாது” என்றார். “நான் சொல்றது தப்பா இருக்கலாம் கிரெசென்சியோ. தப்புன்னா அடுத்த வருஷம் கொளுத்திக்கலாம். நீ சொல்றது தப்புன்னா, உன் மக கல்யாணத்துக்குப் பழம் எங்கிருந்து வரும்?” என்றேன். அவர் யோசித்தார், பழக்கமில்லாத வேலை, நேரம் பிடித்தது. பிறகு ஒரு டயரை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து, “ஒரு வருஷம். மறுபடி கடிச்சா நாற்காலியோட சேர்த்துக் கொளுத்துவேன்” என்றார்.

மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே: மாமா தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் பேசும்போது, குகையைக் காப்பாற்றியது தான்தான் என்பார்; நேற்றே சந்தையில் சொல்லத் தொடங்கிவிட்டார். “அப்படியா மாமா” என்று மட்டும் சொல். அவர் அதை நம்பிக்கொண்டிருக்கும்வரை குகைக்கு ஆபத்தில்லை.

அன்புடன்,
அப்பா எலெயுதேரியோ