அத்தை, அது அழுகை இல்லை

அன்புள்ள அத்தை,

நீங்கள் போய் ஒரு மாதமாகப் போகிறது. காரியம் முடிந்ததும் உங்கள் மகன் கொழும்புக் கடை வேலைக்குத் திரும்பிவிட்டார். எஹலியகொடப் பக்கம் விடாத மழை. மழையென்றால் இறப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, உங்களுக்குத் தெரியாததா? மாதம் முடியும்வரை டீவி போடக்கூடாது என்று அதன்மேல் உங்கள் பழைய சேலையைப் போர்த்தியிருக்கிறேன்.

சும்மா இருக்க முடியாமல் டவுன் டீச்சரிடம் ஒரு பை நிறையப் புத்தகம் இரவல் வாங்கி வந்தேன். துக்க வீட்டில் புத்தகம் சத்தம் போடாது, யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

முதலில் ஒரு துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று நீங்கள் பாதியிலேயே சொல்லியிருப்பீர்கள்; எனக்குக் கடைசிப் பக்கம்வரை தெரியவில்லை. பேய்க்கதையைப் பகலில் மட்டும் படித்தேன். பயணக் கதை ஒன்றில் பனிமலையெல்லாம் ஏறி இறங்கினேன். கவிதைப் புத்தகம்தான் ஒட்டவில்லை. நாலு வரியை வைத்துவிட்டு மிச்சப் பக்கத்தை ஏன் சும்மா விட்டிருக்கிறார்கள்?

கடைசியாக எடுத்தது சிரிப்புக் கதைப் புத்தகம். பெண் பார்க்கப் போன ஒருவர், வீடு மாறிச் சாவு வீட்டுக்குள் நுழைந்து, பலகாரம் எப்போது வரும் என்று கேட்கிறார். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

லயத்து வரிசை வீடுகளின் சுவரைப் பற்றித்தான் தெரியுமே, இங்கே இருமினால் அங்கே கேட்கும். பக்கத்துக் காம்பரா ராக்கம்மாக்கா பிளேன்டீயோடு ஓடி வந்தார். என் கண்ணெல்லாம் தண்ணீர். புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"அனே புள்ள, அழாத. நீ குமுறுற சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்" என்று கட்டிக்கொண்டு அவர் அழ ஆரம்பித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மூக்கை வேறு உறிஞ்சினேன்.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் எல்லாரும் எனக்கு வழிவிடுகிறார்கள். "மாமியாருக்காக இப்பிடி அழுவுற மருமவள நான் பார்த்ததே இல்ல" என்றார் ராக்கம்மாக்கா. நான் குடம் நிறையுமுன்னே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது அத்தை. உங்கள் சாவை வைத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். உங்களைத் தூக்கிய அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தேன். எனக்கு உங்கள்மேல் பாசமே இல்லையோ?

தண்ணீர் பிடித்து வந்த அன்று சாயங்காலம் மீதிக் கதையைப் படித்தேன். மறுபடியும் சிரிப்பு வந்தது. நான் படித்துச் சிரிக்கும்போதெல்லாம், "தனியா சிரிக்காதடி, பைத்தியம்னு சொல்லுவாங்க. எனக்குஞ் சொல்லிட்டுச் சிரி" என்பீர்களே. சொல்வதற்காக உங்கள் கட்டில் பக்கம் திரும்பினேன். பாய் சுருட்டியபடி கிடந்தது.

அப்போதுதான் அழுதேன். சத்தமே வரவில்லை. ராக்கம்மாக்காவும் வரவில்லை.

மாதப் படையலுக்கு லயமே வரும். எல்லாரும் சாப்பிட்டதும், அன்றைக்கு நான் சிரித்ததை ராக்கம்மாக்காவிடம் சொல்லிவிடுவேன். பிறகு அந்தக் கதையைச் சத்தமாக வாசிப்பேன். திட்டினால் திட்டட்டும். பலகாரம் கேட்கும் இடம் வந்ததும் உங்கள் போட்டோவைப் பார்ப்பேன். இனி உங்களுக்குச் சொல்லாமல் சிரிக்க மாட்டேன்.

உங்கள் மருமகள்,
புஷ்பம்