ஈட்டி மரப் பிடி போட்ட கத்தி

சரவணம்பட்டி,
9.1.2026

அன்புள்ள அத்தைக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகிழினி இப்போதுதான் தூங்கினாள். பகலெல்லாம் கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் இரண்டு பேரும் சத்தம்தான் போடுவோம். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் பேசியது அதிகம்தான். ஆனால் பேசியது தப்பில்லை அத்தை. பத்து மாதக் குழந்தையின் மெத்தையை உதறித் தூக்கினால் அடியில் என் ஈட்டி மரப் பிடிக் கத்தி கிடக்கிறது. எந்தத் தாய் மெதுவாகப் பேசுவாள்? "ராத்திரி வெடுக்குனு எந்திரிச்சு அழுகறா. இரும்பு வெச்சாப் பயப்பட மாட்டா. எவர்சில்வர் ஆகாது அம்மணி" என்றீர்கள். இரும்பு என்றால் வீட்டில் ஒரு தோசைத்திருப்பி இல்லையா? அந்தக் கத்தியைத் துணியில் சுற்றி, மேல் அலமாரியில் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போவேன். சாவி இருக்கும் இடத்தை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

வைத்ததும் நீங்கள். அப்புறம், "புள்ள இருக்கற ஊட்டுல கத்தி எதுக்கு?" என்று அதையும் பழம் சீவும் சின்னக் கத்திகள் இரண்டையும் சேர்த்து மூன்றையும் வயர்கூடையில் போட்டுக்கொண்டு சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறியதும் நீங்கள்.

கால் பவுன் காசுக்கு ஒரு கத்தியா என்று கேட்டீர்கள். ஆமாம். என் சம்பளம், என் ஆசை. வளையல் வாங்கியிருந்தால் கையைப் பிடித்துப் பார்த்து மெச்சியிருப்பீர்கள். சூலூர் சென்னகேசவன் பட்டறையில் பெயரைக் கொடுத்துவிட்டு, மகிழினி வயிற்றில் இருந்த காலமெல்லாம் அதற்கும் சேர்த்துத்தான் காத்திருந்தேன். என் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னார். அந்த அளவுக்குத்தான் பிடி செதுக்கினார். வெங்காயம் அரிய அரிய அந்த இரும்பில் மயில்கழுத்து நீலம் ஏறியிருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் சமைக்கிறேன். பைத்தியம் என்றால் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மூன்றும் எனக்குத் திரும்ப வரணும்.

அன்புடன்,
அக்ஷயா


சத்தியமங்கலம்,
18.1.2026

அக்ஷயா கண்ணுக்கு அத்தை எழுதறது.

மகிழினிக்குச் சளி தேவலையா? பொங்கலுக்கு நீங்க வராம ஊடே வெறிச்சுனு கெடந்துச்சு. உங்க மாமன் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு.

உன்ற கத்திய ஆரும் தின்னுபோடல. மூணும் பீரோவுலதான் பூட்டியிருக்குது. இரும்பு வெச்ச அன்னைக்குப் புள்ள அழுகாம தூங்குனாளா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல. உன்ற புருசனையும் அப்பிடித்தான் வளத்தேன். அதுக்கு என்னையப் பாத்து, "அறிவு இருக்குதுங்களா"ன்னு கேட்டே பாரு. அதுலயும் ஒரு 'ங்க' போட்டுக் கேட்டே.

தோட்டத்துல வாழப்பூ வெட்டுனாங்க. நூலாட்டம் அரிஞ்சு வடை சுட்டேன். "ஏனம்மணி, கடையில வாங்குனதா?"ன்னு கேக்கறாரு உங்க மாமன்.

அப்பறம் அந்த நீலக் கறைய சாம்பல் போட்டு நல்லாத் தேச்சுப்போட்டேன். இப்பப் பளபளன்னு இருக்குது. சாமானத்த அப்பிடியா கறையோட வெச்சிருப்பே?

இப்படிக்கு,
தெய்வாத்தாள்


சரவணம்பட்டி,
27.1.2026

அன்புள்ள அத்தைக்கு,

சாம்பல் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அது கறை இல்லை அத்தை. நான் அரிந்த ஒவ்வொரு வெங்காயமும் அதில் இருந்தது.

பிறகு வந்து திரும்பப் படித்தேன். வாழைப்பூவை நூலாக அரிந்தது எது? உங்கள் அரிவாள்மனையில் கொத்தவரங்காயே கட்டைவிரல் கனத்துக்குத்தான் விழும். நான் சாப்பிட்டிருக்கிறேன். பீரோவில் பூட்டிய கத்தி தானாக எழுந்து வந்து வாழைப்பூ அரிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை இவரை அனுப்பினேனே, ஒரு பை கத்தரிக்காயோடும் பழம் சீவும் சின்னக் கத்திகள் இரண்டோடும் வந்து நிற்கிறார். பெரியது எங்கே என்றால், "கத்தியக் கைக்குக் கை குடுத்தாச் சண்டை வருமாம், அம்மா சொல்லுச்சு" என்கிறார். சின்னது இரண்டையும் மேசையில் வைத்து, "எடுத்துக்க சுரேந்தரா" என்றீர்களாமே. பெரியதற்கு மட்டும் உங்கள் வீட்டில் மேசை இல்லையா? வந்துவிட்ட சண்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குழந்தைக்கு ஆபத்து என்று எடுத்துப் போனீர்கள் என்றால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதைச் சொல்லுங்கள் முதலில்.

அக்ஷயா


சத்தியமங்கலம்,
6.2.2026

அக்ஷயா கண்ணுக்கு,

ஆமா. புடிச்சுப்போச்சு. இப்ப என்னங்கறே?

அருவாமனைக்குக் கீழ உக்காந்தா, எந்திரிக்க ஆராச்சும் கை குடுக்கோணும். இத மேடையில வெச்சு நின்னுட்டே அரியறேன். பூசணிக்கா மேல வெச்சாப் போதும், அதுவா எறங்குது. துருப்புடிக்குமேன்னுதான் ஒருக்கா எடுத்து அரிஞ்சு பாத்தேன் சாமி. அப்பறம் பீரோவுக்கு அது போகவே இல்ல. அருவாமனைய எடைக்குப் போட்டுப்போட்டேன்.

மெத்தைக்கடியில வெச்சது என்ற தப்புத்தான். புள்ள கை பட்டிருந்தான்னு நெனச்சா எனக்கும் தூக்கமில்ல. ஆனா அதுக்காகக் கத்தி வராது. பிடிதான் என்ற கைக்குப் பெருசா இருக்குது. துணி சுத்திப் பாத்தேன், அப்பவும் நழுவுது. நழுவுனா நழுவுட்டும்.

தெய்வாத்தாள்


சரவணம்பட்டி,
15.2.2026

அன்புள்ள அத்தைக்கு,

கத்தி வராது என்று எழுதிய அந்தக் கையை நான் பார்க்கணும்.

இதோடு ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். உங்கள் வலது கையை அதில் விரித்து வைத்து, மாமாவைப் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, இரண்டு முறை வரையச் சொல்லுங்கள். சென்னகேசவனிடம் எனக்காக ஒரு மீன் கத்திக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் முறை வரப்போகிறது. அந்த முறையை உங்கள் பெயருக்கு மாற்றி, என்னுடையதைப் போலவே காய் அரியும் கத்தியாகச் செய்யச் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு ஆசைப்பட்ட மீன் கத்தி அது.

விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் கத்தி எனக்குத்தான். உங்களுடையது தயாரானதும் என் சமையல் மேடையில் வைத்திருப்பேன். நீங்கள் வந்து என்னுடையதைப் பக்கத்தில் வையுங்கள். கைக்குக் கை வேண்டாம். அவரவருடையதை அவரவர் எடுத்துக்கொள்வோம். அதுவரைக்கும் நழுவுகிற பிடியோடு பூசணிக்காயை வெட்டாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. சாம்பல் பக்கமே போகக் கூடாது.

மகிழினி இன்னும் ராத்திரியில் எழுந்து அழுகிறாள். உங்கள் பழைய இரும்புச் சாவி ஒன்று கொண்டு வாருங்கள். அவள் மெத்தைக்கு மேலே, எழுந்து நின்றாலும் எட்டாத உயரத்தில், நீங்களே உங்கள் கையால் கட்டுங்கள். முடிச்சை நான் இழுத்துப் பார்ப்பேன்.

அன்றைக்குக் கேட்ட அந்த வார்த்தைக்கு மன்னியுங்கள். வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

தாள் வராமல் பட்டறையில் வேலை தொடங்க மாட்டார்களாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.

அன்புடன்,
அக்ஷயா